பாதாள ரயிலும் சித்தப்பாவின் கடையும்

மலர்க் குழுவினர் என் இல்லத்திற்கு வந்து, "நம் ஊரைப் பற்றி ஏதேனும் எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது, எது நம் ஊர் என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது. பிறந்தது தஞ்சை மாவட்டத்தில், பாபநாசத்திற்கு அருகில் ஒரு சிற்றூர். அங்கே கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள். கல்கத்தாவிலோ ஐம்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வாழ்நாள் முழுதும் கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு இந்தக் கூட்டல் கழித்தலில் ஐயம் எழ நியாயமில்லை. ஆகவே இவ்வூரைப் பற்றியே எழுதுகிறேன். அதிலும், இவ்வூர் மண்ணுக்கு அடியில் ஓடும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். (ஊரின் பெயர் 2001ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா என்று மாறிவிட்டது. என் நா இன்னும் மாறவில்லை. பொறுத்தருள்க.)

2021ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் செய்தித்தாளில் ஒரு சிறு செய்தி கண்டேன். இந்நகரின் சுரங்க ரயிலில் முதல் நாள் தொட்டு ஓடிவந்த குளிர்சாதன வசதியற்ற பழைய பெட்டிகளுக்கு அன்றோடு விடை கொடுக்கிறார்கள் என்பதே செய்தி. 1984ஆம் ஆண்டு அதே அக்டோபர் 24இல் தொடங்கிய ஓட்டம், சரியாக முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து நின்றது. அப்பெட்டிகள் நம் சென்னைப் பெரம்பூரில், ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. இந்தியாவின் முதல் பாதாள ரயில் கல்கத்தாவில் ஓடிற்று என்று வங்காளிகள் பெருமை கொள்வது முறையே. அது பெரம்பூரிலிருந்து வந்த ரயில் என்று நாம் ஓரமாக நின்று சற்றே பெருமை கொள்வதிலும் பிழையில்லை. ஆனால் அச்செய்தியைப் படித்தபோது எனக்குப் பெருமை தோன்றவில்லை. என் சித்தப்பாவின் முகமும், காப்பிக் கொட்டை வறுபடும் மணமுமே நினைவுக்கு வந்தன.

சித்தப்பா 1940களில் இவ்வூருக்கு வந்தவர். முதலில் ஓர் உணவு விடுதியில் கணக்குப் பார்த்தார். பிறகு கையில் சேர்ந்த சிறு தொகையைக் கொண்டு, ராஷ்பிஹாரி அவென்யூவும் ஷியாமாபிரசாத் முகர்ஜி சாலையும் கூடும் காளிகாட் நாற்சந்தியிலிருந்து நாற்பது ஐம்பது அடி தெற்கே, சாலையோரமாக ஒரு கடை வைத்தார். ஒன்பதடி அகலம், உள்ளே பதினைந்தடி நீளம். பீபெரியும் பிளாண்டேஷனும் வறுத்து அரைத்துத் தருவதே முதன்மை வாணிகம். அப்பளம், வடாம், புளி, நல்லெண்ணெய், பெருங்காயம், மூன்று நாள் பழையதாக வந்து சேரும் சென்னைப் பத்திரிகைகள் ஆகியவை உபரி. லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருந்த நம் குடும்பங்களுக்கு மாதத் தொடக்கத்தில் அந்தக் கடைப்படி ஏறாவிட்டால் மாதம் தொடங்கியதாகவே தோன்றாது. அக்கம்பக்கத்து வங்காளிகள் அதனை 'மாத்ராஜி தொகான்' என்பார்கள். தேநீர்ப் பிரியர்களான அவர்களுள்ளும் சிலரைச் சித்தப்பா காப்பிக்கு மாற்றி விட்டிருந்தார். அதனை ஒரு மதமாற்றம் போலவே கருதி மகிழ்ந்தார். 1969இல் எனக்கு வேலை தேடித் தந்து அழைத்துக்கொண்டவரும் அவரே. திருமணமாகும் வரை அக்கடையின் பரண்மீதுதான் படுத்துறங்கினேன்.

பாதாள ரயில் என்னும் எண்ணம் இவ்வூருக்குப் புதிதன்று. 1921ஆம் ஆண்டிலேயே, இலண்டன் மாநகரின் குழாய்ப் பாதைகளில் அனுபவம் பெற்ற டால்ரிம்பிள்-ஹே என்ற பொறியாளர், ஹூக்ளி நதிக்கு அடியில் சென்று ஹௌராவை எட்டும் பாதை ஒன்றுக்குத் திட்டம் தீட்டித் தந்தார். பணமில்லை என்று அது ஏட்டோடு நின்றது. விடுதலைக்குப் பின், 1949இல், முதலமைச்சர் பிதான் சந்திர ராய் அவ்வெண்ணத்தை மீண்டும் எடுத்து, பிரெஞ்சு வல்லுநர்களை வரவழைத்து ஆராயச் செய்தார். அதுவும் அப்போது கைகூடவில்லை. ஆனால் நகரத்தின் நெருக்கடி காத்திருக்கவில்லை. பிரிவினைக்குப் பின் வந்து குவிந்த மக்கள் திரளை அறியாதார் இல்லை. உலகின் பிற பெருநகரங்களில் மொத்தப் பரப்பில் கால் பங்குக்கும் குறையாமல் சாலைகள் இருக்க, கல்கத்தாவில் சாலைக்கு ஒதுங்கிய இடம் நூற்றுக்கு நான்கே சொச்சம் என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். அந்த நான்கில்தான் டிராமும் பேருந்தும் கைரிக்‌ஷாவும் தலைச்சுமைக்காரரும் ஊர்வலமும் நடந்தாக வேண்டும். மேலே வழியில்லை, கீழேதான் போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1969இல் ரயில்வேத் துறை மாநகரப் போக்குவரத்துக்கென்று தனி அமைப்பு ஒன்றை நிறுவிற்று. 1971இல் வகுத்த பெருந்திட்டத்தில் மொத்தம் 97.5 கிலோமீட்டர் நீளத்திற்கு ஐந்து பாதைகள் இருந்தன. அவற்றுள் முதலில் எடுத்துக்கொண்டது வடக்கே டம்டம் முதல் தெற்கே டாலிகஞ்ச் வரை, 16.45 கிலோமீட்டர். அந்நாளில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்து இதன் திட்டப் பணிகளில் ஈடுபட்டவர்களுள், பின்னாளில் டில்லி மெட்ரோவைக் கட்டிப் புகழ்பெற்ற இ. ஸ்ரீதரனும் ஒருவர். 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த நம் பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்து ரயிலோட விட்டவர் அவரே என்பதை ராமேசுவரத்து அன்பர்கள் நன்கறிவார்கள். சோவியத் நாட்டு வல்லுநர்களும் உதவினார்கள். 1972 டிசம்பர் 29ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார்.

மறுநாள் காலை அச்செய்தியைச் சித்தப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறது. கொட்டையை வறுத்துக்கொண்டே கேட்டவர், "பூமிக்குள்ளே ரயிலா? இந்த ஊரிலே இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வருமேடா!" என்றார். நான் நகைத்தேன். இலண்டனில் 1863ஆம் ஆண்டிலேயே ஓடிற்று என்றும், மாஸ்கோவில் பளிங்கு மண்டபங்கள் போன்ற நிலையங்கள் இருக்கின்றன என்றும் எடுத்துரைத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. சித்தப்பா படித்தது எட்டாம் வகுப்பு வரை. ஆனால் இவ்வூர் மண்ணைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில், அடுத்த இருபது ஆண்டுகளில் பொறியாளர்கள் படப்போகும் பாட்டில் பாதி அடங்கியிருந்தது.

1976ஆம் ஆண்டில் பக்கத்துத் துணிக்கடைக்காரர் ஒருநாள் சித்தப்பாவிடம் வந்தார். தம் கடையைப் பெரிதாக்க எண்ணுவதாகவும், சித்தப்பாவின் இடத்தைத் தமக்குக் கொடுத்தால் பதினெட்டாயிரம் ரூபாய் செலாமி தருவதாகவும் சொன்னார். செலாமி என்பது வாடகை உரிமையை மாற்றித் தருவதற்கு இவ்வூரில் கைம்மாறும் தொகை. இங்குள்ளவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. ஊரிலிருந்து இம்மலரைப் படிப்பவர்க்காகச் சொன்னேன். அந்நாளில் பதினெட்டாயிரம் பெருந்தொகை. பாபநாசத்தில் வீட்டைப் பழுதுபார்த்து, சிறிது நிலமும் வாங்கலாம். சித்தப்பாவுக்கு ஐம்பத்தாறு வயது. போய்விடலாம் என்றே நினைத்தார். இருந்தாலும் என்னைக் கேட்டார். படித்தவன் என்று கேட்டார்.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வேலை தொடங்கியாயிற்று, நம் பகுதியில் தோண்டினால் அதிகம் போனால் மூன்றாண்டு, 1980க்குள் ரயில் ஓடும், நிலையம் நம் நாற்சந்தியில் வருகிறது, அப்போது நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடை வாசலில் ஏறி இறங்குவர், இன்றைய பதினெட்டாயிரம் அன்று அறுபதாயிரம். "சித்தப்பா, இப்போது கொடுப்பது பொன்முட்டையிடும் வாத்தை விற்பதற்குச் சமம்" என்று பழமொழி வேறு சொன்னேன். அந்த மூன்றாண்டை எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானே அனுமானித்தது. சித்தப்பா அத்தாளை வாங்கி மடித்துக் கல்லாப்பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டார். துணிக்கடைக்காரரிடம் இல்லையென்று சொல்லி விட்டார்.

தோண்டும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அதனை அறியாமல் பின்னர் நடந்தது விளங்காது. ஆழத்தில் துளைத்துச் செல்லும் முறையை இப்பாதையில் பெரும்பாலும் கையாளவில்லை. பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் இடையே, கால்வாயும் ரயில் யார்டும் குறுக்கிட்ட சிறு பகுதியில் மட்டுமே அழுத்தக் காற்றை அடைத்து, கேடயம் போன்ற உருளையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுரங்கம் குடைந்தார்கள். எஞ்சிய தூரத்திற்குச் சாலையையே மேலிருந்து பிளந்தார்கள். முதலில் சாலையின் இருபுறமும் நீண்ட குறுகிய பள்ளம். களிமண் சரிந்து விழாமல் இருக்க, பெண்டொனைட் என்னும் ஒருவகை மண்ணைக் கரைத்த கூழை அதில் நிரப்புவர். அக்கூழுக்குள் இரும்புக் கம்பிக் கூட்டினை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை ஊற்றி வர, கூழ் மேலே பொங்கி வெளியேறும். இவ்வாறு மண்ணுக்குள் இருபுறமும் சுவர் எழும்பிய பின்னர், நடுவிலுள்ள மண்ணை வாரி எடுத்து, சுவர்கள் உட்சாயாமல் குறுக்கே எஃகு உத்திரங்கள் கொடுத்து, கீழே தளமும் மேலே கூரையும் அமைத்து, மறுபடி மண்ணிட்டு மூடிச் சாலை போடுவார்கள். சொல்வதற்கு எளிது. அந்த மண்ணுக்குள் வெள்ளைக்காரர் காலத்துச் செங்கற் சாக்கடைகள், குடிநீர்க் குழாய்கள், எரிவாயுக் குழாய்கள், மின்கம்பிகள், தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் நரம்புகள் போல் பின்னிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் நகர்த்தி வைத்த பிறகே ஒரு கூடை மண் எடுக்க இயலும். பணமும் ஆண்டுக்காண்டு சொட்டுச் சொட்டாகவே வந்தது. 140 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு, முடிவில் பத்து மடங்கையும் தாண்டிச் சென்றது.

எங்கள் பகுதியில் டிராம் தடங்களைப் பெயர்த்தது 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில். சில வாரங்களில் கடைக்கு எதிரே சாலை இல்லாமற் போயிற்று. தகர வேலி, அதற்கப்பால் பள்ளம், வேலிக்கும் கடைப்படிக்கும் இடையே ஒருவர் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கு வழி. நாள் முழுதும் இயந்திரத்தின் அதிர்ச்சியில் கண்ணாடிச் சீசாக்கள் ஒன்றோடொன்று மெல்ல மோதிக் கிணுகிணுக்கும். சித்தப்பா சீசாக்களுக்கு இடையே அட்டைத் துண்டுகளைச் செருகி வைத்தார். மின்வெட்டு அக்காலத்தில் இவ்வூரின் அன்றாட நியதி. அரவை இயந்திரம் ஓடும் நேரம் குறைவு. ஓடும்போது வாங்க வருவோர் அதனினும் குறைவு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் அப்பள்ளத்தின் விளிம்பில் நடந்து வருவாள்? லேக் மார்க்கெட்டின் உள்ளேயே காப்பிப்பொடி கிடைக்கலாயிற்று. என் மனைவியே ஒருமுறை அங்கே வாங்கிவிட்டாள். வீட்டிற்கு வந்த சித்தப்பா ஒரு வாய் குடித்ததும் கண்டுகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை, முழுவதும் குடித்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் பெய்த மழையை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவர். இரண்டு மூன்று நாட்கள் வானம் விடவில்லை. தெருவெல்லாம் நீர். பள்ளம் எது, பாதை எது என்று தெரியாமல் ஒரே மட்டமாகப் பழுப்பு நிறத்தில் கிடந்தது. முழங்காலளவு நீரில் நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சித்தப்பா கொட்டை மூட்டைகளைப் பரண்மீது ஏற்றிக்கொண்டிருந்தார். நான் உறங்கிய அதே பரண். மூன்று மூட்டைகள் நனைந்து ஊறிவிட்டன. நீர் வடிந்த பின் படிக்கும் நடைவழிக்கும் இடையே மண் அரித்துப் பெரிய வாய் விழுந்திருந்தது. தாண்டி வர வாடிக்கையாளருக்கு ஒரு பலகை வேண்டும். ஊரில் அந்த வாரம் பலகைக்குப் பஞ்சம். சித்தப்பா கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றினார். தேக்குப் பலகை, தமிழிலும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதியது. அதனை எழுத்து மேலே தெரியும்படி போடுவதா, கீழே போடுவதா என்று சற்று நேரம் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பு எழுத்தைக் கீழே வைத்துப் போட்டார். அதன்மீது ஏறித்தான் நான் வெளியே வந்தேன்.

1980 வந்தது. என் கணக்குப்படி ரயில் ஓட வேண்டிய ஆண்டு. அவ்வாண்டில் அவர் அரவை இயந்திரத்தை விற்றார். மறு ஆண்டு ஆனி மாதத்தில் கடையையும் அதே துணிக்கடைக்காரரிடம் ஒப்படைத்தார். கிடைத்த செலாமி நான்காயிரம். துணிக்கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளத்தின் விளிம்பிலிருந்த கடைக்கு அன்று அதற்கு மேல் எவரும் தரமாட்டார். அவருக்கும் வாணிகம் படுத்திருந்தது. ஆனால் தாங்கிக்கொள்ளும் கை இருந்தது. ஹௌராவில் சென்னை மெயிலில் சித்தப்பாவை ஏற்றிவிட்டபோது, ஏதேனும் கடிந்து சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் சுமை குறைந்திருக்கும். அவரோ, "மழை வருகிறது, வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னார். கல்லாப்பெட்டியை எனக்கென்று விட்டுச் சென்றிருந்தார். அதன் அடியில் அந்தத் தாள் இல்லை.

1984 அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தூரத்திற்கு முதல் ரயில் ஓடிற்று. ஐந்தே நிலையங்கள். ரயில்வே அமைச்சராயிருந்த கனி கான் சௌத்ரியின் முனைப்பு இல்லாவிடில் அதுவும் இன்னும் தள்ளிப் போயிருக்கும் என்பார்கள். ஊரே திரண்டு வந்தது. வேலைக்குப் போவோரைவிட வேடிக்கை பார்ப்போரே மிகுதி. மேலே வெற்றிலைச் சாறு துப்பாத சுவரில்லை என்று பெயரெடுத்த நகரத்தில், கீழே ஒருவரும் துப்பவில்லை, குரல் உயர்த்தவுமில்லை, கோயில் பிராகாரத்தில் நடப்பது போல் நடந்தார்கள். அந்த மகிழ்ச்சி அடங்குமுன், ஒரே வாரத்தில், அடிக்கல் நாட்டிய இந்திரா அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அவ்வாண்டு நவம்பரில் வடகோடியில் டம்டமிலிருந்து பெல்காச்சியா வரை மற்றொரு துண்டு திறந்தார்கள். 1986 ஏப்ரல் 29இல் தெற்கே டாலிகஞ்ச் வரை நீண்டது. எங்கள் காளிகாட் நிலையமும் அன்றுதான் திறந்தது.

நடுவிலிருந்த இடைவெளி நெடுங்காலம் மூடவில்லை. வடக்குத் துண்டு தனித்து ஓடிப் பயனின்றி, 1992இல் அதனை நிறுத்தியே விட்டார்கள். பிறகு 1994 முதல் ஒவ்வொரு நிலையமாக இணைத்துக்கொண்டு வந்து, 1995 செப்டம்பர் 27ஆம் நாள் டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப்பாதையும் ஒன்றாயிற்று. அடிக்கல்லிலிருந்து ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள். அந்நாளைக் காணச் சித்தப்பா இல்லை. 1993இல் பாபநாசத்தில் காலமானார். அதன்பின் 2009இலும் 2010இலும் தெற்கே, 2013இலும் 2021இலும் வடக்கே தட்சிணேசுவரம் வரை என்று பாதை வளர்ந்ததை இளையவர்களே அறிவீர்கள். 2024 மார்ச்சில் ஹூக்ளிக்கு அடியிலும் ரயில் ஓடிற்று. நூறாண்டுக்கு முந்தைய திட்டம் ஒருவழியாக நனவாயிற்று.

இதற்கிடையில் நேர்ந்த ஒன்றை விட்டுவிட மனமில்லை. 2019 ஆகஸ்டு 31ஆம் நாள், கிழக்கு மேற்குப் பாதைக்காகப் பௌபஜாருக்கு அடியில் குடைந்து சென்ற இயந்திரம் நீருள்ள மண்ணடுக்கைத் தொட்டுவிட, மேலே நூற்றாண்டு கண்ட வீடுகள் வெடித்துச் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். நகைத் தொழிலாளர் நிறைந்த பகுதி அது. சில நாட்கள் கழித்து அங்கே போயிருந்தேன். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. கயிறு கட்டித் தடுத்திருந்த இடத்திற்கு எதிர்ப்புறத்து நடைபாதையில், என் வயதையொத்த ஒருவர் சிறிய தராசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டிய தம் கடை இருந்த திசையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வருமேடா என்ற குரல் என் காதில் கேட்டது. அவரருகில் சற்று அமர்ந்திருந்துவிட்டு, பேச்சுக் கொடுக்கத் துணிவின்றித் திரும்பினேன். திரும்பியதும் ரயிலில்தான். இருபது நிமிடத்திற்குள் வீட்டில் இருந்தேன். பேருந்தானால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். என் மகள் கல்லூரிக்குப் போனதும், என் மனைவியை நோயோடு மருத்துவமனைக்கு நாள் தவறாமல் அழைத்துச் சென்றதும் இந்த ரயிலினால்தான். இது வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஆயினும் இதன் செலவைக் கோடிகளில் எழுதிய ஏடுகளை எங்கு கண்டாலும், ஒரு கணக்கன் என்ற முறையில், ஒரு பதிவு விடுபட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

கடைசியாகச் சொல்வதற்கென்று ஒன்றை வைத்திருந்தேன். 1987ஆம் ஆண்டு ஆடி பிறப்பதற்கு முன், என் மகளின் காதுகுத்துக்குச் சித்தப்பா கல்கத்தா வந்தார். போனபின் அவர் வந்தது அந்த ஒருமுறைதான். சடங்கு முடிந்த மறுநாள், "அந்த ரயிலைக் காட்டேன்" என்றார். காளிகாட் நிலையப் படியிறங்கினோம். நான் சட்டைப்பையில் கைவிடுமுன் என் கையைத் தடுத்தார். "நம் கடைக்குள்ளே போவதற்கு நான்தான் டிக்கெட் எடுப்பேன்" என்று சொல்லி, வேட்டி முடிப்பிலிருந்து நாணயங்களை எண்ணிக் கொடுத்தார். நடைமேடையில் நின்று மேற்கூரையை அண்ணாந்து பார்த்தார். "கடை எங்கேடா வரும்?" என்றார். நாற்சந்தி இருக்கும் இடத்தை உத்தேசித்து, தெற்கு நோக்கி இருவரும் அடியெண்ணி நடந்தோம். ஒரு தூணருகே நின்று, "இங்கே கல்லா, அங்கே அரவை" என்று கையால் காட்டினார். அருகிலிருந்த வங்காள மாணவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

ரயில் வந்தது. உள்ளே ஏறியதும் கதவருகே பதித்திருந்த தொழிற்சாலைத் தகட்டைக் காட்டி, இது பெரம்பூரில் செய்தது என்று சொன்னேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அதிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "நமக்குப் பின்னாலே கிளம்பி நமக்கு முன்னாலே வேலைக்குச் சேர்ந்துவிட்டது" என்றார். எஸ்பிளனேடு வரை போய், வெளியே வராமல் அப்படியே திரும்பினோம். ரவீந்திர சதன் நிலையத்தின் சுவரில் தாகூரின் கையெழுத்துப் படிகளைப் பெரிதாக்கி வைத்திருந்தது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

மேலே வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. சாலை முன்போலவே அகலமாக, ஒன்றுமே நடவாதது போல் கிடந்தது. நிலையத்தின் வாயில், சித்தப்பாவின் கடையிருந்த இடத்திற்கு இருபதடி தள்ளி இருந்தது. துணிக்கடை இரண்டு வாசலோடு கண்ணாடி வைத்துப் பளபளத்தது. முதலாளி எங்களைக் கண்டுவிட்டு எழுந்தோடி வந்து, சித்தப்பாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். தேநீர் வரவழைத்தார். சித்தப்பா அங்கேயே என் மனைவிக்கு ஒரு தாந்த் புடவை எடுத்தார். விலையைக் குறைக்க முன்வந்தபோது மறுத்து முழுவதும் கொடுத்தார்.

வெளியே வந்து சிறிது தூரம் நடந்தோம். பதினொரு ஆண்டுகளாகச் சொல்ல எண்ணியதை அன்று சொல்லிவிடுவது என்று துணிந்தேன். "சித்தப்பா, அன்றைக்கு நான் போட்ட கணக்கு..." என்று தொடங்கினேன்.

"நீ சொன்னது சரிதான்டா" என்றார். "ஸ்டேஷன் நம் கடை வாசலிலேதான் வந்திருக்கிறது."

பின்பு புடவைப் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, லேக் மார்க்கெட் பக்கம் திரும்பி, முருங்கைக்காய் கிடைக்குமா என்று பார்க்கப் போனார்.